முட்பற்றை மூடிய வளவைத் துப்புரவாக்கிக் கன்று நடுவது எப்படி: வன்னியில் காணி திருத்தத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் அம்மாவின் வளவு இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருக்கிறது. எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். பல வருடங்கள் ஆளில்லாமல் கிடந்ததால் கிணறு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதபடி சூரை, நாயுண்ணி, விடத்தல் என்ற முட்பற்றைகள் மூடியிருந்தன. 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒப்பந்தத்துக்கு ஆள் பிடித்து எல்லாவற்றையும் வெட்டுவித்தேன். 45,000 ரூபா முடிந்தது. ஐப்பசியில் பன்னிரண்டு ஒட்டு மாங்கன்றுகள் நட்டேன். தைப்பொங்கலுக்குப் போய்ப் பார்த்தபோது, ஒரு தடி வெட்டிய இடத்தில் ஐந்து தடி இடுப்பளவுக்கு நின்றது. மாங்கன்றுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாடுகள் கடித்தது பாதி, முள்ளின் நிழலில் வெளிறிச் செத்தது பாதி.

2024இல் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இம்முறை கன்றுகள் நிற்கின்றன. எனக்கு வீணான ஒரு வருடமும் அந்தப் பணமும் உங்களுக்கு வீணாகக்கூடாது. செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன். தயவுசெய்து ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. காலடி வைக்குமுன்: வெடிபொருள் பற்றிக் கேளுங்கள்

பற்றை வெட்டுவது என்றால், வருடக்கணக்காக யாரும் மிதிக்காத மண்ணில் மண்வெட்டியும் அலவாங்கும் இறக்குவது. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அதன்படி நிலத்தை முற்றாகத் துப்புரவாக்குவதற்கான காலக்கெடு 2028. ஆகவே, அயல் காணியில் வீடு கட்டிவிட்டார்கள் என்பதற்காக உங்கள் காணியும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள்.

முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். பின்னர் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: இந்தக் காணி வெடிபொருள் அகற்றி விடுவிக்கப்பட்டதா? எந்த ஆண்டில்? எந்த ஆழம் வரை தேடினார்கள்? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அகற்றும் பணியாளர்கள் ஒரு குறித்த ஆழம் வரைதான் தேடுகிறார்கள். வேர் பிடுங்கவும் குழி வெட்டவும் நாம் அதற்குக் கீழே போகிறோம். கிணறு, பங்கர், மண்அணை, பழைய அகழி இருந்த இடங்களை அந்த ஊரில் தொடர்ந்து இருந்தவர்களிடம் கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் இயந்திரம் இறங்கக் கூடாது.

மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, சிவப்புப் பூசிய தடி, நாடா ஆகியவற்றில் எது கண்ணில் பட்டாலும் வேலை அந்த இடத்தோடு நிற்க வேண்டும். பலகைகள் விழுந்து பற்றைக்குள் கிடப்பதும் உண்டு. சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாதீர்கள், கத்தியால் தட்டிப் பார்க்காதீர்கள். எல்லாரும் வேலையை நிறுத்தி, வந்த காலடி வழியே திரும்புங்கள். தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு 119க்கு அழையுங்கள்; கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். பிள்ளைகளைக் காணி வேலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டாம்.

பற்றையை நின்ற இடத்திலேயே தீ வைக்கக் கூடாது என்பதற்கு முதற்காரணமும் இதுதான். மண்ணுக்கு மேலே கிடக்கும் பழைய வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். தீ வைத்தால் வேர் சாவதும் இல்லை. நான் 2023இல் வைத்தேன். சாம்பலுக்குள்ளிருந்து முதலில் தளிர்த்தது விடத்தல்தான்.

2. ஆவணங்கள்

உங்கள் கையில் இருப்பது உறுதியா (தனியார் காணியின் உரிமைப் பத்திரம்), அரச காணிக்குத் தரும் அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அப்பா, அம்மா பெயரில் பத்திரம் இருந்து அவர்கள் காலமாகியிருந்தால், பின்னுரித்து மாற்றத்தை (பத்திரத்தை வாரிசின் பெயருக்கு மாற்றுவதை) இப்போதே பிரதேச செயலகக் காணிப் பிரிவில் தொடங்குங்கள். பற்றை வெட்டுவதற்குப் பத்திரம் எதற்கு என்று நானும் நினைத்தேன். வெட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் ஓர் அதிகாரி வந்து, காணி யாருடையது என்று காட்டும்வரை நிறுத்துங்கள் என்றார். என்னிடம் காட்ட எதுவும் இருக்கவில்லை. வேலையாட்கள் மூன்று நாள் சும்மா இருந்தார்கள்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீண்ட காலம் கைவிடப்பட்ட காணியில் பாலையும் வீரையும் முளைத்து உயர்ந்துவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காடுதான். காணி எல்லையோரத்தில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறதா என்று பாருங்கள். கல் உங்கள் காணிக்குள் நின்றால், அதைப் பிடுங்கவோ அதற்கு அப்பால் வெட்டவோ கூடாது. பிரதேச செயலகத்தில் எழுத்தில் முறையிட்டு, தீர்வு வரும்வரை அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றப் பகுதியில் வேலை செய்யுங்கள். குளத்தோடு ஒட்டிய காணி என்றால் குளத்தின் ஒதுக்கீட்டு எல்லை எங்கே முடிகிறது என்று கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

நான் இறுதியில் ஒரு கோப்பாகச் சேர்த்தவை இவை:

- அனுமதிப்பத்திரத்தின் பிரதிகள் மூன்று. இடப்பெயர்வில் மூலப்பத்திரம் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு பிரதேச செயலகம் சென்று, அங்குள்ள காணிப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்.
- அடையாள அட்டைப் பிரதி. பத்திரம் பெற்றோர் பெயரில் என்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழும் அவர்களின் இறப்புச் சான்றிதழும்.
- காணி இந்தக் குடும்பத்துடையது என்று கிராம அலுவலர் தந்த கடிதம்.
- வெட்டுமுன் நான்கு மூலையிலிருந்தும் எடுத்த புகைப்படங்கள்.

பனை, பலா, ஈரப்பலா மரங்கள் நின்றால் அவற்றை வெட்ட அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். முதிரை, பாலை போன்ற மரங்களை வெட்டுவதும் தடியாக ஏற்றிச் செல்வதும் தனி அனுமதிக்கு உட்பட்டவை. சொந்தக் காணி மரம்தானே என்று உழவு இயந்திரத்தில் ஏற்றி வீதிக்கு வந்தால் இயந்திரத்தையும் சேர்த்துத் தடுத்து வைப்பார்கள். இந்த மரங்களைத் தொடாமல் விடுவதே உங்களுக்கும் மண்ணுக்கும் நல்லது.

ஆவண வேலைக்கு எனக்கு ஏறக்குறைய ஐந்து வாரங்கள் ஆயின. செலவு பெரும்பாலும் பஸ் கட்டணமும் பிரதி எடுத்ததும்தான். காணி உத்தியோகத்தர் களத்துக்குப் போகும் நாட்களில் அலுவலகத்தில் இருக்கமாட்டார். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

எல்லை தெளிவில்லை என்றால் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கூப்பிட வேண்டியிருக்கும். பற்றை முழுவதும் நிற்கும்போது அவரால் அளக்க முடியாது; முழுவதையும் வெட்டியபின் அழைத்தால் அயலவர் காணியில் நீங்கள் வெட்டியிருக்கக்கூடும். எல்லையோரம் என்று நீங்கள் நம்பும் இடத்தில் ஓராள் நடக்கும் அகலத்துக்கு மட்டும் வழி வெட்டி, அயலவரையும் வைத்துக்கொண்டு அளப்பியுங்கள். எங்கள் கிழக்கு எல்லை நான் நினைத்த இடத்திலிருந்து ஆறு அடி உள்ளே இருந்தது.

3. எந்த மாதத்தில் எந்த வேலை

நான் ஆடியில் தொடங்கியது பெரிய பிழை. அப்போது மண் கல்லாக இருக்கும். அலவாங்கு ஒரு சாண் இறங்க அரை நாள் போகும். வேலையாட்கள் வேரை விட்டுவிட்டு மேலே வெட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சோளகக் காற்று வேறு. ஒரு பொறி பறந்தால் அயல் வளவும் எரியும்.

இரண்டாம் முறை நான் வகுத்துக்கொண்ட ஒழுங்கு: தை, மாசியில் ஆவணங்கள். பங்குனியில் மேல்வெட்டு, அதாவது நிலத்துக்கு மேலே நிற்பதை வெட்டுதல். சித்திரையில் இரண்டு மூன்று மழை விழுந்து மண் இளகியதும் வேர் பிடுங்கல். ஆனி, ஆடியில் மறுதளிர் பார்த்துத் தோண்டுதல். ஆவணியில் குழி. ஐப்பசி நடுவில், மழை இறங்கி மண் ஒரு முழம் நனைந்தபின் நடுகை. சித்திரை மழை பொய்த்தால் காத்திருக்க வேண்டாம். பிடுங்க வேண்டிய தூரைச் சுற்றி முதல் நாள் மாலை இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் தோண்டுங்கள். கிணறு இருந்தால் இது இயலும்.

முதல் மழைக்கே கன்றை வைத்துவிடாதீர்கள். புரட்டாதியில் ஒரு மழை பெய்துவிட்டு மூன்று வாரம் வெயில் எறிப்பது வன்னியில் வழமை.

4. எதை விடுவது என்று முதலில் குறியுங்கள்

சாயத்துணிக் கீற்றுகளோடு ஒருநாள் வளவைச் சுற்றுங்கள். விடவேண்டிய மரத்தில் துணி கட்டுங்கள். நான் பாலை இரண்டு, வேம்பு நான்கு, நாவல் ஒன்று விட்டேன். மேற்குப் பக்கத்தில் நிற்கும் வேம்பு, பிற்பகல் வெயிலிலிருந்து இளங்கன்றைக் காப்பாற்றும். எல்லையோரம் நின்ற கிளாப் பற்றையையும் வரிசையாக விட்டுவிட்டேன். நல்ல வேலி அது, பழமும் தரும், குருவிகளுக்கும் இடம்.

வாயால் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். துணி கட்டாத வேம்புக் கன்று எல்லாம் கத்திக்குப் போய்விடும்.

5. கருவிகள், உடம்பு

காட்டுக்கத்தி, கோடரி, அலவாங்கு, பிக்கான், மண்வெட்டி, நீண்ட கொக்கைத்தடி, நுனி இரண்டாகப் பிரிந்த கவைத்தடி. கடைசி இரண்டும் காசு கொடுத்து வாங்குபவை அல்ல. காட்டுத்தடியில் நீங்களே செய்யலாம். ஆனால் முள் வேலையில் கத்தியைவிட அவைதான் முக்கியம்.

றப்பர் பூட்ஸை நம்பாதீர்கள். ஈஞ்சு முள்ளும் விடத்தல் முள்ளும் அடிப்பக்கத்தால் ஏறிவிடும். தடித்த தோல் சப்பாத்து, நீளக் காற்சட்டை, கண்ணாடி, தோல் கையுறை. சூரை முள் கொக்கி போன்றது. மாட்டினால் இழுக்காமல் பின்னோக்கிப் போய்க் கழற்றுங்கள்.

வேலை தொடங்குமுன் ஏற்புத் (ரெற்றனஸ்) தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நினைவில்லை என்றால் அரச வைத்தியசாலையில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஈஞ்சு முள் மூட்டுக்குள் முறிந்து நின்றால் வாரக்கணக்கில் வீங்கும். ஊசியால் கிண்டிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பாம்பு இருக்கும் என்றே எண்ணி வேலை செய்யுங்கள். பற்றைக்குள் கை விடுமுன் தடியால் தட்டுங்கள். புற்றுகளை விட்டு விலகுங்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் காய்ந்த சருகோடு நிறம் சேர்ந்து கிடக்கும். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 1990 அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. பற்றையில் வேலை செய்து ஒன்றிரண்டு வாரங்களில் கடும் காய்ச்சலும் தலையிடியும் வந்து, உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கோடு ஒரு புண் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வைத்தியர் கேட்காவிட்டாலும் "நான் பற்றை வெட்டினேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் சிகிச்சை சரியான பக்கம் திரும்பும். வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றிக் குளியுங்கள்.

6. மேல்வெட்டு: அடியோடு வெட்டாதீர்கள்

என் முதல் முயற்சி தோற்றதற்கு அரைவாசிக் காரணம் இது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நிலத்தோடு ஒட்ட வெட்டச் சொன்னேன். பிறகு வேரைப் பிடுங்கப் பிடி இல்லை. சரிவாக வெட்டிய அடிக்கட்டைகள் ஈட்டிபோல நின்று ஒருவருடைய காலையும் உழவு இயந்திரச் சில்லையும் துளைத்தன.

பெருந்தூர் எல்லாவற்றையும் இடுப்பளவு உயரத்தில் வெட்டுங்கள். கிளைகளை அகற்றி, மூன்றடித் தடியை நிலத்தில் விட்டுவிடுங்கள். வேர் பிடுங்கும்போது அந்தத் தடிதான் நெம்புகோல். அதை இரண்டு பேர் நாலு பக்கமும் ஆட்டினால் பாதி வேர் தானே விடும். சங்கிலி கட்டி உழவு இயந்திரத்தால் இழுப்பதற்கும் அது வேண்டும்.

சூரை பின்னிக் கிடக்கும் இடத்தில் வெளியிலிருந்து உள்ளே போங்கள். ஒருவர் கொக்கைத்தடியால் கொடியை இழுத்துத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் அடியில் வெட்ட வேண்டும். வெட்டிய முள்ளை வெட்டுவாய் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்குங்கள். கண்டபடி போட்டால் பின்னிக்கொண்டு மறுநாள் அதைப் பிரிக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

எட்டுப் பரப்புக்கு நாலு பேர் ஐந்து நாள் வேலை செய்தார்கள். 2024இல் ஆளுக்கு நாட்கூலி 3,000 ரூபாவும் மதியச் சாப்பாடும். கூலி மட்டும் 60,000.

ஒப்பந்தமா, நாட்கூலியா? மேல்வெட்டை ஒப்பந்தத்துக்குக் கொடுக்கலாம். வேர் வேலையை நாட்கூலிக்கே கொடுங்கள், நீங்களும் கூட நில்லுங்கள். ஒப்பந்தக்காரருக்கு நாள் மிச்சம்தான் வருமானம். உங்களுக்கு வேர் போவதுதான் வருமானம்.

7. வேர்: ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு விதம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். வேரின் குணம் தெரியாமல் தோண்டினால் வேலை இரட்டிப்பாகும்.

விடத்தல் எல்லாவற்றிலும் பொல்லாதது. பக்கவேர் நிலத்துக்குக் கீழே கிடையாக ஓடி, தூரத்தில் புதுக்கன்று விடும். தாய்த்தூரை மட்டும் தோண்டினால் அறுந்த வேர் ஒவ்வொன்றும் ஒரு செடி. தூரைச் சுற்றி ஒரு பாகத் (இரண்டு கையையும் விரித்த அளவு) தூரத்துக்கு மண்ணைக் கிளறி, கிடைவேரைக் கண்டுபிடித்து, கயிறு உருவுவதுபோல உருவுங்கள். அப்படியும் சில மிஞ்சும். ஆனியில் தளிர் காட்டும்போது அந்த இடத்தைக் குறித்துத் தோண்டுங்கள். மூன்று முறை பின்தொடர்ந்தால் வேர் களைத்துவிடும். வெட்டிய தடியை வீசாதீர்கள். நல்ல விறகு.

நாயுண்ணி பார்க்கப் பெரும் பற்றை, ஆனால் வேர் ஆழமில்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே பிக்கானைக் கொடுத்துத் தூக்கினால் வந்துவிடும். கழுத்து மண்ணில் இருந்தால் மறுபடி தளிர்க்கும். பழம் கறுக்குமுன் வெட்டுங்கள். குருவிகள் விதையைப் பரப்பும். ஆடு மாட்டுக்கு அதன் இலை நஞ்சு. வெட்டிய குழையை மாடு கட்டும் இடத்தில் போடாதீர்கள்.

சூரைக்கும் காரைக்கும் தூர் தடிப்பு. நெம்புகோலும் அலவாங்கும் போதும். பக்கவேரை முதலில் கோடரியால் அறுத்துவிட்டு ஆட்டுங்கள்.

ஈஞ்சு கூட்டமாக நிற்கும். வெட்டுவதால் பயனில்லை, குடுமியோடு தோண்ட வேண்டும். முதலில் மட்டைகளைக் கத்தியால் கழித்துவிட்டு அருகே போங்கள். முள் எல்லாம் முகத்தின் உயரத்தில் இருக்கும்.

நாகதாளியை வெட்டித் துண்டாக்கவே கூடாது. ஒவ்வொரு துண்டும் வேர்விடும். கவைத்தடியால் முழுதாகத் தள்ளி, சாக்கில் எடுத்து, ஆழக் குழியில் போட்டு மூன்றடி மண்ணால் மூடுங்கள். உழவு இயந்திரம் அதன் மேல் ஓடினால் வளவு முழுவதும் நாகதாளி நட்டதுபோல ஆகும்.

கையால் வேர் எடுக்க மூன்று பேருக்கு ஆறு நாட்கள் ஆயின. 54,000 ரூபா.

8. பெக்கோ வேண்டுமா?

பெக்கோ என்பது மண் தோண்டும் இயந்திரம். அரை ஏக்கருக்கு, பெருந்தூர்களுக்கு மட்டும் வேண்டும். நான் ஆறு மணித்தியாலம் பிடித்தேன். மணிக்கு 6,500 ரூபாவாக 39,000, கொண்டுவந்து இறக்க 10,000. டீசல் விலையோடு இது மாறும். வெடிபொருள் பற்றிய விடை கைக்கு வராமல் இயந்திரத்தை இறக்காதீர்கள்.

பேசும்போது மூன்று விடயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மணி எங்கிருந்து தொடங்குகிறது, அவரது முற்றத்திலிருந்தா உங்கள் படலையிலிருந்தா? இயந்திரத்தின் மணி மீற்றரைத் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு பேரும் பார்ப்பதா? பழுதுபட்டு நிற்கும் நேரம் யார் கணக்கு? முதல் விடயத்தைக் கேட்காமல் விட்டதால் நான் ஒன்றரை மணிக்கூலி மேலதிகமாகக் கொடுத்தேன்.

சாரதியிடம் ஒன்றை உறுதியாகச் சொல்லுங்கள்: முன்பக்கத் தட்டால் வழிக்கக் கூடாது, பின்பக்கத்துப் பற்கள் உள்ள பக்கற்றால் தூரைத் தனித்தனியே தோண்டித் தூக்கி, மண்ணை உதறிவிட்டு வைக்க வேண்டும். வழித்தால் நேரம் மிச்சம். வளவும் மேசைபோலத் தெரியும். ஆனால் நம் செம்மண்ணில் சத்துள்ள மேல்மண் ஒரு சாண்கூட இல்லாத இடங்கள் பல. அது முழுவதும் வேலியோரம் குவிந்துவிட்டால், நீங்கள் நடப்போவது கிரவலில் (சரளை மண்ணில்). மண்ணை வழித்துத் தள்ளும் டோசரை இதே காரணத்துக்காக நான் வேண்டாம் என்பேன்.

9. வெட்டிய முள்ளே வேலி

முதல் வருடம் முள்ளை எரித்தேன், பிறகு மாடு புகுந்ததால் கம்பி வாங்கினேன். கையில் இருந்த வேலியை நானே எரித்திருக்கிறேன். முட்பற்றை போனதும் கட்டாக்காலி மாடுகளுக்கு வளவு திறந்த வாசல்தான். ஆகவே வெட்டும் நாளிலேயே காரை, சூரை, விடத்தல் கிளைகளை அலம்பலாக (வேலி அடைக்கும் முட்கிளையாக) எல்லையோரம் சேர்த்துவிடுங்கள். எட்டடிக்கு ஒரு காட்டுத்தடி நட்டு, இடையில் அலம்பலை வெட்டுவாய் உட்பக்கமாக வைத்து, மேலே கிடையாக வரிச்சுத் தடி பிடித்துக் கட்டினால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் நிற்கும். கறையான் அதைத் தின்னுமுன், கார்த்திகை மழையில் அதனோடு ஒட்டியே கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களை (நட்டால் வேர்விடும் தடிகளை) நட்டுவிடுங்கள். அலம்பல் உக்கும்போது கதியால் வேர் பிடித்திருக்கும்.

நாயுண்ணிக் குழையும் பழமில்லாத கிளையும் வளவின் ஒரு மூலையில் உக்கட்டும். தென்னை வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் குவியலை அண்மையில் வைக்காதீர்கள். உக்கிய குவியலில் காண்டாமிருக வண்டு பெருகித் தென்னங்குருத்துக்கு வரும்.

10. குழி, நடுகை, முதல் இரண்டு வருடம்

வேர் எடுத்தபின் இரண்டு உழவு அடித்தேன், 8,000 ரூபா. ஒவ்வொரு உழவுக்கும் பின்னால் நடந்து மேலே வந்த வேரைப் பொறுக்கினேன். முதல் வருடக் கம்பி வேலியைச் சேர்க்காமல் 2024இன் துப்புரவுச் செலவு மொத்தம் 1,71,000 ரூபா வந்தது.

தென்னைக்கும் மாவுக்கும் மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி. தென்னைக்கு இடைவெளி 26 அடி. குழிக்குள் பழைய வேரோ கட்டையோ ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. கறையான் முதலில் அதற்கு வரும், பிறகு கன்றுக்குப் போகும். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே வைத்து, மாட்டெருவோடு மேல்மண்ணை மட்டும் குழிக்குள் திருப்புங்கள். தென்னங்குழியின் அடியில் பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்குங்கள். கோடையில் அந்த ஈரம்தான் கன்றின் உயிர்.

யானை வரும் காட்டுப் பக்கத்தில் நான் தென்னையும் வாழையும் வைக்கவில்லை. அங்கே தேசியும் மாதுளையும் வைத்தேன்.

கன்றுகளுக்கு இடையில் நிலத்தை வெறுமையாக விடாதீர்கள். வெறும் மண்ணில் முதலில் வருவது பார்த்தீனியம். அதைப் பூக்குமுன், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சு இழுப்பும் தரும் செடி. காலபோகத்தில் (மாரிகாலப் பயிர்ச்செய்கையில்) பயறு அல்லது உளுந்து விதையுங்கள். அதற்குக் களை எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் மறைந்திருக்கும் விடத்தல் தளிரும் கண்ணில் படும். எங்களுக்கு அந்தப் பயறு வீட்டுத் தேவைக்குப் போதுமாக இருந்தது.

தளிர் பார்க்கும் நாளை நாட்காட்டியில் குறியுங்கள்: முதல் வருடம் மாதம் ஒருமுறை, இரண்டாம் வருடம் மாரி முடிந்ததும் ஒருமுறை, சித்திரை மழைக்குப் பின் ஒருமுறை. ஒரு சாண் தளிரைத் தோண்ட ஐந்து நிமிடம். இடுப்பளவு வந்தபின் மறுபடி ஆள் பிடிக்க வேண்டும்.

பங்குனி தொடங்கி ஒவ்வொரு கன்றின் அருகிலும் ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, வாரத்துக்கு இரண்டு முறை நிரப்பி மூடி வைக்கிறேன். மேற்குப் பக்கத்தில் பனையோலை மறைப்பு. 2024 ஐப்பசியில் வைத்த பதினான்கு கன்றுகளில் பன்னிரண்டு முதற்கோடையைத் தாண்டிவிட்டன. போன இரண்டும் பானை வெடித்திருந்ததை நான் கவனிக்காத இடத்தில் நின்றவை. நிரப்பிய மறுநாள் பானையைத் திறந்து பாருங்கள். ஒரே இரவில் தண்ணீர் முழுதும் போயிருந்தால் பானையை மாற்றுங்கள்.